வயலில் விளைந்த வட்டங்கள்

இங்கிலாந்து நாட்டின் தென்பகுதியில் வில்ட்சயர், ஹாம்ப்சயர் என்னும் இரு மாவட்டங்கள் உள்ளன. சுண்ணப் பாறையாலான தாழ்ந்த குன்றுகளும், அவற்றின் சரிவுகளிற் பரந்த கோதுமை வயல்களும் நிறைந்த நிலம் அது. பண்டை மக்கள் நிறுத்திய ஸ்டோன்ஹெஞ்சு என்னும் பெருங்கல் வட்டம் இருப்பதும் வில்ட்சயர் மாவட்டத்திலேயாகும். அங்கே, கதிர் முற்றும் கோடைக் காலத்தில், மாலை வரை அலையலையாக அசைந்து நின்ற பயிர் மறுநாள் விடியலில் ஓரிடத்தில் மட்டும் வட்டமாகத் தரையிற் படிந்து கிடப்பதுண்டு. தாள்கள் வெட்டுண்டிரா, வேரோடு பெயர்ந்திரா, நீர்ச்சுழல்போல ஒரே திசையிற் சாய்ந்திருக்கும். வட்டத்தின் விளிம்போ கவராயங்கொண்டு வரைந்ததுபோல் ஒழுங்குற விளங்கும்.

'வயல் வட்டம்' என்று பெயர் பெற்ற இவ்வடிவங்களை ஆக்கியவர் யார் என்ற வினா, 1980-களில் அந்நாட்டையே ஆட்கொண்டது. வேற்றுலகத்தார் ஊர்தி இறங்கிய தடம் என்றனர் சிலர். மண்ணுக்குள் மறைந்துள்ள ஆற்றலின் வெளிப்பாடு என்றனர் வேறு சிலர். சுழற்காற்றின் செயல் என்றனர் மற்றும் சிலர். இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு, ஒரு வியப்பை எவ்வாறு ஆராய்தல் வேண்டும், எவ்வாறு ஆராய்தல் கூடாது என்பதை நன்கு உணர்த்துவதாகும்.

புதியதொன்றைக் கண்டவர் அதற்குப் பழமை தேடுதல் இயல்பு. வயல் வட்டங்கள் முந்நூறு ஆண்டுகளாகத் தோன்றி வருகின்றன என்று கூறுவோர், 1678-ஆம் ஆண்டில் அச்சான ஒரு சிறு வெளியீட்டைச் சான்றாகக் காட்டுவர். ஹெர்ட்போர்டுசயரைச் சேர்ந்த உழவர் ஒருவர், ஓட்ஸ் பயிரை அறுக்க ஆள் கேட்ட கூலியைப் பொறாமல், அதனைவிடப் பேயே வந்து அறுக்கட்டும் என்று சினந்து கூறினாராம். அன்றிரவு வயல் தீப்பற்றியதுபோல் ஒளிர்ந்ததாம். காலையிற் பயிர் வட்டம் வட்டமாக அறுபட்டுக் கிடந்ததாம். கதை சுவையானதே. ஆயினும், இக்கதையிற் பயிர் அறுபட்டது. வயல் வட்டங்களிலோ பயிர் சாய்ந்தது. அறுத்தலும் சாய்த்தலும் ஒன்றல்ல. மேலும், ஒரு செய்தி பழைய தாளில் அச்சேறியிருப்பதனாலேயே உண்மையாகிவிடாது.

1880-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு மடல் இதனினும் மதிக்கத்தக்கது. சரே மாவட்டத்தைச் சேர்ந்த ஜான் ராண்டு கேப்ரன் என்பார் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழுக்கு அதனை வரைந்தார். கடும்புயல் ஓய்ந்தபின் கோதுமைப் பயிர் வட்டத் திட்டுகளாகச் சாய்ந்திருந்ததை அவர் கண்டார்; அது சுழன்று வீசிய காற்றின் விளைவாகலாம் என்று கருதினார். தாம் கண்டதை ஒருபுறமும், தாம் கருதியதை மற்றொருபுறமும் பிரித்து வைத்த அவர்தம் முறை போற்றத்தக்கது. புயலாற் பயிர் சாய்வது எந்நாட்டு உழவரும் அறிந்ததே. ஆனால், கேப்ரன் கண்ட திட்டுகளும் நூறாண்டுக்குப் பின் தோன்றிய ஒழுங்கமைந்த வட்டங்களும் ஒன்றே எனத் துணிதற்கு அம்மடல் ஒன்றே போதாது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதையை மீண்டும் தொடங்கி வைத்தவர் டெரன்சு மீடன் என்னும் வானிலை ஆய்வாளர் ஆவார். குன்றுகளின் சரிவில் தோன்றும் ஒருவகைச் சுழற்காற்று தரையிற் படிந்து பயிரைச் சாய்க்கின்றது என்று அவர் 1980-களில் விளக்கினார். தொடக்கத்தில் வட்டங்கள் எளியனவாகவும் குன்றுகளின் அடிவாரத்திலும் காணப்பட்டமையால் அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றியது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல வட்டங்கள் வளர்ந்தன. ஒன்று ஐந்தாயிற்று, வட்டத்தைச் சுற்றி வளையங்கள் தோன்றின, 1990-ஆம் ஆண்டிலோ நேர்கோடுகளும் செவ்வகங்களும் அவற்றோடு இணைந்தன. சுழலும் காற்று வட்டம் வரையலாம், செவ்வகமும் வரையுமோ? ஒரு கருத்து பிறக்கும்போதே தவறற்றதாக இருத்தல் அரிது. அது குற்றமும் அன்று. அதனைத் தவறென்று காட்டவல்ல சான்று வரும்போது அதற்கு வழிவிடுதலே அறிவியலின் முதற்கடமை. வட்டங்களுக்கு ஏற்பக் காற்றின் ஆற்றலை ஆண்டுதோறும் பெருக்கிக்கொண்டே போவது ஆராய்ச்சி ஆகாது.

அதே 1990-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வட்டம் உருவாவதைக் கண்ணாரக் காண்பதற்கென ஒரு பெருங்காவல் ஏற்பட்டது. வில்ட்சயரில் வெஸ்ட்பரி என்னும் ஊர்க்கு அருகே, இருளிலும் காணவல்ல கருவிகளுடன் ஆராய்ச்சியாளரும் தொலைக்காட்சி நிறுவனத்தாரும் இரவெல்லாம் விழித்திருந்தனர். ஒருநாள் வைகறையில் வயலிற் புதிய வடிவங்கள் தென்பட்டன. வயலிற் கால் வைக்குமுன்பே, பெரியதொன்று நிகழ்ந்துவிட்டது என்று உலகிற்கு அறிவித்தனர். பின்னர் நெருங்கிச் சென்று பார்த்தபோது, வட்டங்களின் நடுவே சிறுவர் ஆடும் பலகை விளையாட்டும் மரச்சிலுவையும் வைக்கப்பட்டிருந்தன. எவரோ குறும்பர் காவலரை ஏய்த்துச் சென்றனர் என்பது தெளிவாயிற்று. அறிவிப்பு முன்னும் ஆய்வு பின்னும் அமைந்தால் விளைவு இதுவே.

மறைவு முழுதும் வெளிப்பட்டது 1991-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிலாகும். சவுத்தாம்டன் நகரைச் சேர்ந்த டக் பவர், டேவ் சோர்லி என்னும் இருவர், அக்காலத்தில் வெளிவந்த 'டுடே' நாளிதழ் வாயிலாக, இவ்வட்டங்களைத் தொடங்கியவர் தாமே என்று அறிவித்தனர். இருவரும் அறுபது வயது கடந்தவர். ஆஸ்திரேலிய நாட்டின் டல்லி என்னும் ஊரில், 1966-ஆம் ஆண்டில், சதுப்பு நிலத்துக் கோரைகள் வட்டமாகக் கிடந்ததைக் கண்டு, பறக்கும் தட்டு இறங்கிய இடம் எனப் பலர் பேசினர். அச்செய்தியே பவரின் உள்ளத்தில் இக்குறும்புக்கு வித்திட்டது. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய அவ்விளையாட்டு ஆண்டுதோறும் நீண்டது. நான்கடி நீளமுள்ள ஒரு பலகை, அதன் இரு முனையிலும் கட்டிய கயிறு, நேர்கோடு தவறாமல் நடப்பதற்குத் தொப்பியிற் பொருத்திய ஒரு கம்பி வளையம் ஆகியவையே அவர்தம் கருவிகள். இவற்றைக்கொண்டு நாற்பதடி வட்டமொன்றைக் கால் மணி நேரத்தில் அவர்கள் ஆக்கினர்.

ஒருவர் 'நானே செய்தேன்' என்று கூறுவதனாலேயே அதனை நம்பிவிடுதல் தகுமோ? தகாது. பெருமையை விரும்பிப் பொய் கூறுவோரும் உலகில் உளர். ஆகவே, செய்துகாட்டுதலே அங்கு வேண்டப்பட்டது. நாளிதழினர் காண அவ்விருவரும் ஒரு வயலில் வடிவம் ஒன்றை அமைத்தனர். வயல் வட்டங்களைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றிருந்த பாட் டெல்காடோ அதனைப் பார்வையிட அழைக்கப்பட்டார். அவர் அதனை நுணுகி நோக்கி, அது மனிதர் செய்ததன்று, உண்மையானதே என்று துணிந்து கூறினார். செய்தவர் யார் என்பது பின்னரே அவர்க்கு உரைக்கப்பட்டது. தாம் ஏமாந்ததை அவர் மறையாமல் ஒப்புக்கொண்டார். பிழைபடுதல் எவர்க்கும் இயல்பு. பலரறிய அதனை ஒப்புக்கொள்ளுதல் சிலர்க்கே இயலும். அவ்வகையில் டெல்காடோ மதிக்கத்தக்கவரே.

வயலில் அடிச்சுவடு காணப்படாதது எவ்வாறு என்று பலர் வினவினர். இங்கிலாந்தின் பெருவயல்களில் உரமும் மருந்தும் இடுதற்கு டிராக்டர்கள் ஒரே தடத்திற் சென்று வருதலால், இணையிணையான வெற்றுத் தடங்கள் வயலின் குறுக்கே ஓடும். அத்தடத்தின் வழியே நடப்பவர் பயிரை மிதியாமலே வயலின் நடுவை அடையலாம். இது அங்குள்ள உழவர் ஒவ்வொருவரும் அறிந்த செய்தி. வேற்றுலகத்து ஊர்தியை எண்ணியவர்கள், காலடியில் இருந்த வண்டித் தடத்தை எண்ணத் தவறினர்.

'இருவர் ஆயிரக்கணக்கான வட்டங்களை ஆக்கியிருத்தல் இயலுமா?' என்று கேட்பார் உளர். அக்கேள்வி நேர்மையானதே. அவ்விருவரும் அனைத்தையும் ஆக்கவில்லை. அவர்களைப் பார்த்துப் பிறரும் கற்றுக்கொண்டனர். 1992-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பக்கிங்காம்சயரில் வெஸ்ட் வைக்கம் என்னுமிடத்தில், வயல் வட்டம் அமைக்கும் போட்டி ஒன்று நடந்தது. குழுவினர் பலர் இரவின் இருளிலே, தரப்பட்ட வரைபடத்தின்படி வடிவங்களை அமைத்தனர். ஹெலிகாப்டர் தொழிற்சாலையைச் சேர்ந்த பொறியாளர் மூவர் கயிறு, குழாய், பலகை, ஏணி முதலியவற்றைக்கொண்டே முதற்பரிசு பெற்றனர். 'மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது' என்னும் கூற்று அன்றோடு வலுவிழந்தது.

அமெரிக்க ஆய்வாளர் ஜோ நிக்கலும் ஜான் பிஷரும் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வட்டங்களின் பொது இயல்புகளை எடுத்துக்காட்டியது. செய்தித்தாள்கள் எழுத எழுத வட்டங்கள் எண்ணிக்கையில் மிகுந்தன. ஆண்டுதோறும் வடிவிற் சிக்கலாயின. பெரும்பாலும் தென்னிங்கிலாந்திலேயே குவிந்தன. காவலர் கண்படும்போது தோன்றாமல் ஒளிந்தன. புகழ் பெருகப் பெருகுவதும், கண்டாரை அஞ்சி ஒளிவதும் காற்றின் இயல்போ? அவை மனிதரின் இயல்பே அன்றோ?

இதன்பின்னும், சாய்ந்த தாள்களின் கணுக்கள் நீண்டுள்ளன. ஆதலின் அறியப்படாத வெப்பம் ஒன்று அவற்றைத் தாக்கியிருத்தல் வேண்டும் என்று 1990-களில் ஓர் அமெரிக்க உயிரியற்பியலாளர் எழுதினார். இங்கும் பயிரின் இயல்பை முதலில் உசாவுதல் வேண்டும். காற்றாற் சாய்ந்த பயிரும் தானே நிமிர முயலும். அப்போது கணுவின் கீழ்ப்புறம் மிகுதியாக வளர்ந்து தாளை மேல்நோக்கி வளைக்கும். எனவே கணு நீண்டிருப்பது ஒன்றே வேற்று ஆற்றலுக்குச் சான்றாகாது. இத்தகைய ஆய்வுக்கு உரிய முறை வேறு. மனிதர் வேண்டுமென்றே சாய்த்த பயிரையும், மழை சாய்த்த பயிரையும், ஐயத்திற்குரிய பயிரையும் கலந்து, எது எவ்விடத்தது என்று அறியாத ஒருவரிடம் அளக்கத் தருதல் வேண்டும். அளப்பவர்க்கு விடை முன்னரே தெரிந்திருப்பின், அளவுகோலும் அவர் விருப்பத்தின் பக்கமே சாயும்.

இவ்வாரவாரத்தில் எவரும் நினையாத ஒருவர் உண்டு. அவர்தாம் வயலுக்கு உரிய உழவர். சாய்ந்த கதிரை அறுவடைப் பொறி முழுதும் எட்டிப் பிடியாது. வட்டத்தினும் மிகுதியாக, அதனைக் காண வருவோரின் கால்களே பயிரை அழிக்கும். சிலர் வாயிலில் உண்டியல் வைத்து இழப்பை ஈடுசெய்தனர். சிலர் கூட்டம் சேருமுன்பே வட்டத்தை அறுத்தெறிந்தனர். பிறர் நிலத்தில் ஒப்புதலின்றிப் புகுந்து விளைவை அழித்தல், எத்துணை அழகிய கோலமாயினும் குற்றமே. பவரும் சோர்லியும் திறமுடையவர் என்பதில் ஐயமில்லை. அத்திறமைக்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதையும் மறத்தல் ஆகாது.

உண்மையை அறிந்தால் வியப்பு அழிந்துவிடும் என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தம் வேண்டுவதன்று. 2001-ஆம் ஆண்டில் வில்ட்சயரின் மில்க் ஹில் என்னும் குன்றின் மீது 409 வட்டங்கள் கொண்ட மாபெரும் வடிவம் ஒன்று தோன்றியது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 780 அடி. 2008-ஆம் ஆண்டில் பார்பரி கோட்டைக்கு அருகே தோன்றிய வடிவமொன்று, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் முதற் பத்து இலக்கங்களைப் படிகளாகவும் கோணங்களாகவும் அடக்கியிருந்தது. இருளிலே கயிறும் பலகையும் கொண்டு இத்துணை நுட்பமான வடிவியலை மனிதர் வயலில் எழுத வல்லவர் என்பது வேற்றுலகக் கதையினும் பெரிய வியப்பன்றோ?

'இதனை மனிதராற் செய்ய இயலாது' என்று உரைப்பவர், பெரும்பாலும், 'இதனை எவ்வாறு செய்வது என்று எமக்குத் தெரியவில்லை' என்பதையே வேறு சொற்களிற் கூறுகின்றனர். தெரியாமை இழிவன்று, அது ஆராய்ச்சியின் வாயில். அதனைத் தெளிந்த முடிவாகக் கொள்வதே பிழை. ஆதலின், புதியதொன்றைக் காணும் இளைஞர் முதலில் வயலுக்குள் இறங்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வயலை உழுதவரை உசாவுதல் வேண்டும். எளிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். தம் கருத்து தவறாயின் அதனைக் காட்டக்கூடிய சோதனையைத் தாமே வகுத்தல் வேண்டும். அதன்பின்னும் விளங்காதது எஞ்சுமாயின், அதுவே ஆராய்தற்கு உரிய உண்மையான புதிர்.