பிரட்டுக்களத்தில் ஒட்டவேண்டிய ஒரு பத்திரம்

கொழுந்து மலையில் குளவி கொட்டி ஒரு தொழிலாளி இறந்தால் நட்டஈட்டுக்கு யார் பொறுப்பு? "தோட்ட நிர்வாகம்" என்று நமது அங்கத்தவர்கள் உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் கம்பனி கைமாறிப் போனால், அல்லது கடனில் மூழ்கினால், யாரிடம் போய்க் கேட்பது?

பிரித்தானியா இந்தக் கேள்விக்கு 1969இலேயே சட்டம் இயற்றியது. 1972 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, ஆள் வைத்து வேலை வாங்கும் தனியார் முதலாளி தொழிலாளரின் காயத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். குறைந்தபட்சத் தொகை 50 இலட்சம் பவுண். காப்புறுதி இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண் வரை தண்டம். அத்தாட்சிப் பத்திரத்தைத் தொழிலாளர் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பனிக்கும் விலக்கு இல்லை. தலைமை அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும், பிரித்தானியாவில் ஆள் வைத்து வேலை வாங்கினால் காப்புறுதி கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வந்து தொடர்ந்து 14 நாட்கள் அங்கே வேலை செய்பவரும் அதில் அடங்குவார். காரணம் எளிது. கம்பனி பெட்டியைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போனாலும் காப்புறுதிப் பணம் தொழிலாளிக்குக் கிடைக்கவேண்டும். அஸ்பெஸ்டஸ் தூசியால் வரும் புற்றுநோய் 30, 40 வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். அதற்குள் கம்பனியே மூடப்பட்டிருக்கலாம். பழைய காப்புறுதியைத் தேடிக் கொடுப்பதற்கென்றே 2011 முதல் அங்கே ஓர் அலுவலகம் இயங்குகிறது.

இந்தச் சட்டம் வந்த காலத்தில் நமது மலைகளில் பலவற்றுக்குப் பிரித்தானியக் கம்பனிகளே சொந்தக்காரர்கள். 1975இல் அரசு பொறுப்பேற்கும்வரை இலாபம் லண்டனுக்குப் போனது. சட்டமோ பிரித்தானியக் கரையோடு நின்றுவிட்டது. அதே முதலாளியின் இரு தொழிலாளரில் ஒருவருக்குக் கட்டாயக் காப்புறுதி, மற்றவருக்கு இல்லை. இதை நாம் மறக்கவில்லை.

நமக்கும் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. 2022 திருத்தத்தில் உச்சத்தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. இதை வரவேற்கிறோம். ஆனால் உரிமை தாளில் இருந்தால் போதாது, பணம் கைக்கு வரவேண்டும். தமது தோட்டத்துக்குக் காப்புறுதி உண்டா, எந்த நிறுவனத்தில் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு ஆபத்தும் வாசலில் நிற்கிறது. மலையைப் பிரித்துக் கொடுத்து, "இனி நீங்கள் தொழிலாளி அல்ல, உற்பத்தியாளர்" என்கிறார்கள். முதலாளி என்று ஒருவர் இல்லாவிட்டால் நட்டஈட்டுக்குப் பொறுப்பாளியும் இல்லை. குளவிக்கு மட்டும் இந்த வேறுபாடு தெரியாது. கையெழுத்து வைக்கும் முன் இதை யோசியுங்கள்.

வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். வேலைவாய்ப்புப் பணியகப் பதிவோடு வரும் காப்புறுதி நல்லதே. அதைக் காட்டி அங்குள்ள முதலாளி தன் பொறுப்பிலிருந்து நழுவ இடமளிக்கக்கூடாது.

நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு பெருந்தோட்டக் கம்பனியும் நட்டஈட்டுக்குக் கட்டாயமாகக் காப்புறுதி எடுக்கவேண்டும். அதன் பத்திரம் தமிழிலும் சிங்களத்திலும் பிரட்டுக்களத்தில் ஒட்டப்படவேண்டும். குத்தகைக்கும் பங்குமுறைக்கும் விட்ட மலையிலும் கம்பனியின் பொறுப்பு தொடரவேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, தலைவிகளே! அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் துரையிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "எங்கள் காப்புறுதிப் பத்திரம் எங்கே?" கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.