வேலி விற்கிறவர்கள்

குடவாசல் பக்கத்தில் வேலி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. 20 மா சேர்ந்தது ஒரு வேலி நிலம். கிளுவைப் போத்து நட்டுக் கொல்லையைச் சுற்றி அடைப்பதும் வேலிதான். முன்னது சொத்து, பின்னது சொத்துக்குக் காவல். கொல்லை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அடைப்பு என்பது எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். பாங்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சில கெட்டிக்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை.

இவர்கள் சொல்லும் யோசனை கேட்பதற்கு இனிமையானது. வட்டி மலிவான நாட்டில் கடன் வாங்கு. வட்டி கொழிக்கும் நாட்டில் போடு. நடுவில் நிற்பதை எடுத்துக்கொள். சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இராது. அங்கே கடன், இங்கே டெபாசிட்!

கணக்கைப் பார்ப்போம். 2004இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி சுமார் 27 ரூபாய். 2024இல் அது 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 4 சதவீதம். வட்டி வித்தியாசம் என்று ருசித்துச் சாப்பிட்டதில் பெரும் பகுதியைக் கடன் திருப்பும் அன்று கக்க வேண்டியதுதான்.

"அதற்குத்தான் ஹெட்ஜ் இருக்கிறதே!" என்பார்கள். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் வேலி என்றே அர்த்தம். பிற்காலத்து நாணய விலையை இன்றே பேசி முடித்துக்கொள்வது அதில் ஒரு வகை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை, பெரும்பாலும், இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள அதே வித்தியாசம்! முழுக்க அடைத்தால் லாபம் போயிற்று. லாபம் நிற்கிறதென்றால், எங்கோ ஒரு பக்கம் அடைக்கவில்லை. 2024 ஜூலை 31ஆம் தேதி ஜப்பானிய மத்திய பாங்கு வட்டியை 0.25 சதவீதமாக்கியது. மலிவு யென்னில் கடன் வாங்கியிருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு விற்றார்கள். ஆகஸ்டு 5ஆம் தேதி ஒரே நாளில் டோக்கியோ பங்குச் சந்தை 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடைக்காத பக்கம் அன்று தெரிந்தது.

அதைவிடக் கொடுமை, வேறு யாருடைய கொல்லைக்கோ வேலி விற்பது. 2007இல் டாலர் 44 ரூபாயிலிருந்து 39க்கு இறங்கியது. ஏற்றுமதி செய்து டாலரில் பணம் வாங்கும் திருப்பூர்க்காரர்கள் கலங்கிப்போனார்கள். டாலருக்கும் ரூபாய்க்கும் இடையே காவல் தேடியவர்களுக்கு, டாலருக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும் இடையே ஒப்பந்தம் விற்கப்பட்டது. பனியன் தைக்கிறவருக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும் என்ன உறவு? டாலர் ஓர் எல்லையைத் தொடாதவரை சிறு லாபம். தொட்டால் பெரு நஷ்டம். பல ஒப்பந்தங்களின் சாரம் இதுதான். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போய்விட்டது.

கோயம்புத்தூர் ராஜஸ்ரீ சர்க்கரைக் கம்பெனிக்கும் ஆக்ஸிஸ் பாங்குக்கும் நடந்த வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம் ஆகாது என்று 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டத்துக்குத் தலைவணங்குவோம். ஆனால் சூது அல்ல என்பதாலேயே அது வேலி ஆகிவிடுமா? இந்த வகை வியாபாரத்தில் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு 19 பாங்குகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்கிறீர்கள்? 5 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை! வேலி பயிரை மேய்ந்ததற்கு ஒரு வாய்ப் புல்லின் கிரயம்.

"கையெழுத்துப் போட்டவர்கள் குழந்தைகளா?" என்று கேட்பார்கள். இல்லை, அவர்களுக்கும் ஆசை இருந்தது. அதனால் என்ன? நோயாளி ஆசைப்பட்டான் என்று வைத்தியர் விஷத்தை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாமா?

வேலி விற்க வருகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தக் கொல்லைக்கு? என்ன விலைக்கு? "விலையே இல்லை, மேற்கொண்டு லாபமும் உண்டு" என்று பதில் வந்தால், திண்ணையிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.