பார்த்தா அப்படித் தெரியலையே!

ஊரை விட்டு வடக்கே வந்த தமிழர் யாராக இருந்தாலும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார். "ஆப் மதராசி லக்தே நஹி!" உங்களைப் பார்த்தால் மதராசி மாதிரியே தெரியவில்லையாம். சொன்னவர் பெரிய பாராட்டுப் பத்திரம் வாசித்த திருப்தியில் சிரிப்பார். நாமும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைப்போம். ராத்திரி படுக்கும்போதுதான் உறைக்கும்.

அப்படியென்றால் மதராசி எப்படி இருப்பானாம்? கறுப்பாக, தலையில் எண்ணெய் வழிய, நெற்றியில் பட்டையோடு, ஹிந்தி தெரியாமல் முழித்துக்கொண்டு இருப்பான். அப்படி இருப்பது கேவலம். நீ அப்படி இல்லை, அதனால் பிழைத்துப் போ. இதுதானே அந்தப் பாராட்டுக்கு அர்த்தம்?

நமக்கு இது வலிக்கிறது இல்லையா... சரி. இப்போது நம் வாயிலிருந்து வருவதைக் கொஞ்சம் கேட்போம்.

"நீங்க முஸ்லிமா? பார்த்தா தெரியவே இல்லையே!"
"கிறிஸ்டியனா? பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க?"
"சர்தார்தான், ஆனா ரொம்ப புத்திசாலி."

அந்த 'ஆனா' எங்கிருந்து வந்தது சாமி? பன்னிரண்டு மணி ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்த வாயிலிருந்து வந்தது. வடக்கத்திக்காரர் நமக்குக் கொடுத்த அதே பத்திரத்தைப் பெயரை மட்டும் மாற்றி அடுத்தவருக்கு நீட்டுகிறோம்.

நான் இருக்கும் புனே குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி வாடகைக்கு வீடு தேடினார்கள். அந்தப் பையன் தமிழ் பேசினால் காது குளிரும். வீட்டுக்காரரும் தமிழர்தான், இருபது வருஷமாக இங்கே இருப்பவர். புரோக்கர் முன்னாடியே பையனுக்குப் பாடம் எடுத்திருந்தார். தாடியை எடுத்துவிட்டு வா, தொப்பி வேண்டாம், மனைவியைச் சாதாரண சுடிதாரில் அழைத்து வா. வந்தார்கள், வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"நல்ல பையன் சார். பார்த்தா பாய்னே தெரியாது. ஊர்லேர்ந்து அவங்க அம்மா வந்தா மட்டும் லிஃப்ட்ல புர்கா வேண்டாம்னு சொல்லிட்டேன். நாலு பேர் பார்ப்பாங்க இல்ல?"

"போன மாசம் உங்க அம்மா வந்தப்போ நெத்தி நிறைய விபூதியோடதானே சார் இதே லிஃப்ட்ல வந்தாங்க?" என்றேன்.

"அது வேற சார்" என்றார். என்ன வேற என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. தான் பரந்த மனசுக்காரர் என்றே நம்புகிறார். முஸ்லிமுக்கு வீடு கொடுத்தவர் அல்லவா! ஆனால் அவர் ஏற்றுக்கொண்டது அந்தப் பையனையா, அவன் மறைத்து வைத்திருப்பதையா? மறைத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்பதற்குப் பெயர் சகிப்புத்தன்மை என்றால், அந்தச் சகிப்புத்தன்மை எனக்கு வேண்டாம்.

நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று மும்பைத் தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1966-இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தான். லுங்கியை விரட்டு என்று கோஷம் போட்டார்கள். உடுப்பி ஹோட்டல்களைத் தாக்கினார்கள். லுங்கி என்பது ஒரு துணி. அதைக் கட்டியவர் டைப்பிஸ்ட்டா, மில் தொழிலாளியா, நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்கவில்லை. துணியைப் பார்த்தார்கள், தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

1984 நவம்பரில் தில்லியில் தலைப்பாகையைப் பார்த்து எழுதினார்கள். அரசுக் கணக்கிலேயே தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். முடியை வெட்டி, தலைப்பாகையை அவிழ்த்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. 'பார்த்தா சர்தார்னே தெரியலை' என்பது அன்றைக்கு அவர்களுக்குப் பாராட்டாகவா இருந்திருக்கும்?

அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாலாவது நாள், 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனாவின் மெசா நகரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த பல்பீர் சிங் சோதி தன் கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தாடியையும் தலைப்பாகையையும் பார்த்து அரபு நாட்டு முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டான் கொலைகாரன். இதைச் சொல்லும்போது இன்றும் பலர், "பாவம், தப்பா நினைச்சு சுட்டுட்டான்" என்பார்கள். அந்த 'தப்பா'வில் கொஞ்சம் நில்லுங்கள். சரியாக நினைத்துச் சுட்டிருந்தால்? செத்தவர் முஸ்லிமாகவே இருந்திருந்தால் பாவம் இல்லையா?

இதையெல்லாம் மதத்தின் பெயரால் செய்கிறார்களே, எந்த மதம் இதைச் சொல்லிக் கொடுத்தது? பைபிளில் அரசனைத் தேர்ந்தெடுக்க ஈசாயின் வீட்டுக்கு வருகிறார் சாமுவேல். வாட்டசாட்டமான மூத்த பிள்ளை எலியாபைப் பார்த்ததும் இவன்தான் என்று நினைக்கிறார். இல்லை என்று கடவுள் தடுக்கிறார். கடைசியில் ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டி தாவீதைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. பௌத்தத்தில் லகுண்டக பத்தியர் என்றொரு துறவி. குள்ளம், அழகில்லை என்று கூட இருந்த பிக்குகளே ஏளனமாகப் பார்த்தார்கள். புத்தர் அவர்களை விட்டுவிட்டு பத்தியரைத்தான் புகழ்ந்தார். இனிய குரல் கொண்டவர்களில் முதல்வர் என்றார். இஸ்லாத்தில் தொழுகைக்கு அழைத்த முதல் குரல் யாருடையது? அடிமையாக இருந்து விடுதலையான பிலால். அபிசீனிய வம்சத்துக் கறுப்பர்.

அவரவர் மதத்தை ஒழுங்காகப் படித்தாலே போதும் போலிருக்கிறது!

"அதெல்லாம் சரி சார், தாடி வெச்சவன்தானே குண்டு வைக்கிறான்?" என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். அவரிடம் பெரியபுராணத்துக்கு வரச் சொல்லுவேன். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, சிவனடியார் வேடத்தில் உள்ளே வந்து கத்தியால் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்க, சாகும் தறுவாயிலும் தடுத்த நாயனார், அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னார். அந்த மன்னிப்பு நம்மால் முடியாது, விடுங்கள். நான் கேட்பது சின்ன விஷயம். முத்தநாதன் நீறு பூசிக்கொண்டு வந்து கொன்றான் என்பதற்காக, நீறு பூசியவன் எல்லாம் கொலைகாரன் என்று எந்தச் சைவராவது சொன்னதுண்டா? நம் அடையாளத்துக்கு ஒரு நியாயம், அடுத்தவன் தாடிக்கு வேறு நியாயமா?

இன்னொரு கட்சி இருக்கிறது. எல்லோரும் அடையாளங்களைக் கழற்றி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரான்ஸ் 2004-இல் அரசுப் பள்ளிகளில் கண்ணில் படும்படியான மத அடையாளங்களைத் தடைசெய்து சட்டம் போட்டது. விவாதம் நடந்ததெல்லாம் முஸ்லிம் பெண்களின் முக்காட்டைப் பற்றி. சட்டம் வந்தபோது சீக்கியப் பையன்களின் தலைப்பாகையும் அதில் சிக்கியது. அடுத்தவர் அடையாளத்துக்கு வைக்கும் கத்தரி நம் வீட்டு வாசலுக்கு வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1987-இல் இந்தியர்களைத் தாக்கிய கும்பல் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'டாட்பஸ்டர்ஸ்'. அந்த 'டாட்', நம் பெண்கள் நெற்றியில் வைக்கும் பொட்டு!

நம் அரசியல் சட்டம் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. சீக்கியர் கிர்பான் அணிவதும் மத உரிமையே என்று 25-ஆவது பிரிவில் விளக்கமே எழுதி வைத்திருக்கிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து மோட்டார் வாகனச் சட்டம் விலக்குத் தருகிறது. கழற்றிவிட்டு வா என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தில் நம்மைத் தனியாக விட்டுவிட்டது. கடை, ஹோட்டல், பொதுக் கிணறு, குளம், சாலை இங்கெல்லாம் மதம், சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற ஆமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்றுதான் 2005-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆக, வாடகை வீட்டு வாசலில் நிற்கும் மனிதரை உள்ளே விடுவதும் விடாததும் நம் கையில். புது ஊரில் வீடு தேடி அலைந்து, நான்-வெஜ்ஜா, மதராசியா, சமையல் வாசனை வருமா என்று கேள்வி கேட்கப்பட்ட நாமே இதில் கல்நெஞ்சக்காரர்களாக இருந்தால் வேறு யார் இளகுவார்கள்?

குழந்தைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எல்லா மதமும் ஒன்று என்று பள்ளியில் மாறுவேடப் போட்டி நடத்தி, தொப்பி, சிலுவை, தலைப்பாகை எல்லாம் மாட்டி ஃபோட்டோ எடுக்கிறோம். நிஜமாகவே தொப்பி போட்டவர் லிஃப்டில் ஏறினால் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். எந்தப் பாடம் மனசில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'பார்த்தா அப்படித் தெரியலையே' என்று நாக்கு நுனிக்கு வரும்போது அப்படியே விழுங்கிவிடுங்கள். எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் பேச்சை ஆரம்பிக்க நம் பாட்டிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.