என் ஓட்டு 37-ஆம் நம்பருக்கு

சிட்னி கிரிக்கெட் மைதானம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2004-ல் சச்சின் கவர் டிரைவைக் கிட்டத்தட்ட ஒதுக்கி வைத்துவிட்டு 241 நாட் அவுட் அடித்த இடம். 2021 ஜனவரியில் அஷ்வினும் விஹாரியும் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு டெஸ்டை டிரா செய்த இடம். நாம் அந்த மைதானத்தை டிவியில் பார்ப்பது அவர்களுடைய கோடைகாலத்தில் மட்டும்தான். குளிர்காலம் வந்ததும் அதே புல்லில் வேறு ஒரு ஆட்டம் தொடங்கிவிடும். பெயர் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் 'ஃபுட்டி'.

கிரிக்கெட் மைதானத்தில் நடப்பது தற்செயல் இல்லை. டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் வீரர்கள் உடம்பை விட்டுவிடாமல் இருக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று 1858-ல் மெல்பர்ன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடமே விதிகள் எழுதப்பட்டுவிட்டன. பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து. காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி பாஸ் செய்யலாம், எறியக்கூடாது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டுக்கு நடுவே உதைத்தால் 6 பாயிண்ட், ஓரத்து இடைவெளியில் போனால் 1 பாயிண்ட். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு விதி போதும்.

அந்த சிட்னி மைதானத்தின் சொந்த அணி சிட்னி ஸ்வான்ஸ். "ஸ்வான்ஸ் வரலாற்றிலேயே ஆகப் பெரிய ஆட்டக்காரர் யார்?" நம்ம மெஸ்ஸி, ரொனால்டோ சண்டை மாதிரி அங்கே இது ஓயாத சண்டை. ஆனால் அதில் ஒரு விஷயம் ஸ்கோர்போர்டைத் தாண்டிப் போகிறது. அதனால்தான் நம்ம பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

கிளப்பின் கதை ஒரு பத்தியில்: 1874-ல் சவுத் மெல்பர்ன் என்ற பெயரில் தொடங்கியது. 1933-ல் கோப்பை வாங்கியது. அதோடு சரி. கடன், தோல்வி, காலி கேலரி எல்லாம் சேர்ந்து 1982-ல் ஊரையே விட்டு சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. 1992, 93, 94 மூன்று வருடமும் கடைசி இடம். அடுத்த கோப்பை கைக்கு வர 2005 ஆனது. 72 வருடக் காத்திருப்பு! ஆர்சிபி ரசிகர்கள் 18 வருடத்துக்கே எவ்வளவு புலம்பினார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் யார் யார்?

டோனி லாக்கெட். மொத்தம் 1360 கோல், லீக் வரலாற்றிலேயே அதிகம். 1996 அரையிறுதியில் ஸ்கோர் சமமாக இருக்க, சைரன் அடித்த பிறகு அவர் உதைத்த ஒரே ஒரு பாயிண்ட்தான் ஸ்வான்ஸை கிராண்ட் ஃபைனலுக்குக் கொண்டுபோனது. ஆனால் அந்த 1360-ல் 898 கோல் செயின்ட் கில்டா கிளப்புக்காக அடித்தது. லான்ஸ் ஃப்ராங்க்ளினும் இதே கதைதான். 2022-ல் தன் 1000-ஆவது கோலை அவர் அடித்தபோது ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். இருந்தாலும் அவர் கோப்பை வாங்கியதெல்லாம் ஹாதார்னில். இருவரும் மாபெரும் வீரர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி 'இந்த கிளப்பின்' ஆகப் பெரியவர் யார் என்பது. லேட்டரல் என்ட்ரியில் வந்தவருக்குக் காலேஜ் டாப்பர் பட்டம் கொடுக்க முதலாம் ஆண்டிலிருந்து படித்தவன் ஒத்துக்கொள்வானா?

பால் கெல்லி. அணி அடிமட்டத்தில் கிடந்தபோது கேப்டன் பொறுப்பை ஏற்று, 1995-ல் பிரவுன்லோ பதக்கம் வாங்கியவர். பிரவுன்லோ என்பது சீசனின் சிறந்த, அதே சமயம் நேர்மையான ஆட்டக்காரருக்கு. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் அம்பயர்களே 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள். அந்த சீசனில் முறைகேடாக ஆடித் தடை வாங்கினால் பதக்கம் கிடையாது. கெல்லி 2002-ல் ஓய்வு பெற்றார். கோப்பை வந்தது மூன்று வருடம் கழித்து. பாவம் மனுஷன்.

ஆக, கடைசி ரவுண்டுக்கு மிஞ்சுவது இரண்டு பேர். பாப் ஸ்கில்டன், ஆடம் கூட்ஸ்.

ஸ்கில்டன் பக்கம் நியாயம்

ஸ்கில்டன் 1956 முதல் 1971 வரை ஆடியவர். உயரம் வெறும் 171 சென்டிமீட்டர். இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைப்பார். பிரவுன்லோ மூன்று முறை: 1959, 1963, 1968. லீக் வரலாற்றிலேயே மூன்று முறை வாங்கியவர்கள் நாலே நாலு பேர். கிளப்பின் 'சீசன் சிறந்த வீரர்' பரிசை ஒன்பது முறை வென்றார். இன்றைக்கு அந்தப் பரிசின் பெயரே பாப் ஸ்கில்டன் பதக்கம்தான்.

இவருக்கு எதிராக வழக்கமாக இரண்டு வாதம் வைப்பார்கள். ஒன்று, 237 மேட்ச்தான் ஆடினார், கூட்ஸ் 372. இதை நேரடியாக ஒப்பிடக்கூடாது. 1960-களின் பெரும்பகுதியில் ஒரு சீசனுக்கு 18 சுற்றுதான். கூட்ஸ் காலத்தில் 22, அதற்கு மேல் ஃபைனல்ஸ். போதாக்குறைக்கு 1969 முழுவதையும் குதிகால் தசைநார்க் காயம் தின்றுவிட்டது. நாம் லேபில் செய்கிற மாதிரி நார்மலைஸ் செய்து பார்த்தால் வித்தியாசம் நிறையக் குறையும்.

இரண்டு, கோப்பை இல்லை. உண்மைதான், 16 வருடத்தில் அவர் ஆடிய ஃபைனல்ஸ் மேட்ச் ஒன்றே ஒன்று, 1970-ல். அதிலும் தோல்வி. ஆனால் இதை அவர் தலையில் கட்டுவது அநியாயம். வீரர்களைச் சமமாகப் பங்கிடும் டிராஃப்ட், சம்பள உச்சவரம்பு எல்லாம் 1980-களில்தான் வந்தன. அதற்கு முன் ஏழை கிளப் ஏழையாகவேதான் இருக்கும். 18 பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருத்தர் எவ்வளவுதான் இழுப்பார்?

ஸ்கில்டன் ரசிகர்கள் இதைப் படித்துவிட்டு "அப்புறம் என்ன, அவருக்கே ஓட்டுப் போடு" என்பார்கள். உச்சகட்ட ஆட்டத்தை மட்டும் எடைபோட்டால் நானும் அவருக்கே போடுவேன்.

கூட்ஸ் பக்கம் நியாயம்

இப்போது 37-ஆம் நம்பர். தென் ஆஸ்திரேலியாவில் பிறந்த பூர்வகுடிப் பிள்ளை. 1997 டிராஃப்டில் 43-ஆவதாகத்தான் அவரை எடுத்தார்கள். 1999-ல் அறிமுகம், அதே சீசனில் சிறந்த இளம் வீரர் விருது. அங்கிருந்து 2015 வரை ஒரே கிளப். 372 மேட்ச் என்பது ஸ்வான்ஸ் ரெக்கார்டு. 464 கோல். பிரவுன்லோ இரண்டு முறை.

அந்த இரண்டு பிரவுன்லோவை உற்றுப் பாருங்கள். 2003-ல் அவர் பெரும்பாலும் ஆடியது ரக். அதாவது அம்பயர் மேலே எறியும் பந்துக்கு எகிறிக் குதித்துத் தட்டும் நெட்டை ஆளின் வேலை. 2006-ல் மிட்ஃபீல்ட், ஓடிக்கொண்டே இருக்கும் வேலை. நடுவிலும் பிறகும் டிஃபென்ஸ், ஃபார்வர்ட் என்று எங்கே ஓட்டை விழுந்ததோ அங்கே போய் நின்றார். ஒரு ஃபாஸ்ட் பௌலர் மூன்று வருடம் கழித்து ஓப்பனிங் பேட்ஸ்மேனாக வந்து மறுபடியும் தொடர் நாயகன் ஆகிற மாதிரி. இது இன்னொருவர் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

2005-ல் நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் வென்று 72 வருட தாகம் தீர்த்த அணியில் அவர் இருந்தார். 2012 கிராண்ட் ஃபைனலில் ஹாதார்னுக்கு எதிராக முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் வெளியே போகாமல் ஆடி, கடைசி குவார்ட்டரில் கோல் அடித்தார். ஸ்வான்ஸ் 10 பாயிண்டில் வென்றது. கிளப் சிட்னிக்கு வந்த பிறகு வாங்கிய இரண்டு கோப்பையிலும் அவர் கை இருக்கிறது.

உச்சத்தில் ஸ்கில்டன் ஒரு படி மேல். நீண்ட காலம், பல இடத்து ஆட்டம், பெரிய மேட்ச், இந்த மூன்றிலும் கூட்ஸ். ஆட்டத்தை மட்டும் கணக்குப் போட்டாலே என் ஓட்டு நூலிழை வித்தியாசத்தில் கூட்ஸுக்கு விழுகிறது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு "அனுதாப ஓட்டு" என்று யாரும் சொல்லக்கூடாது.

அந்தக் கூச்சல்

2013 மே மாதம், மெல்பர்ன் மைதானம், பூர்வகுடி மக்களைக் கௌரவிக்கும் சுற்று. கேலரியிலிருந்து ஒரு குரல் கூட்ஸைக் குரங்கு என்றது. அவர் நின்று, கத்தியவரைக் கை காட்டினார். 13 வயதுச் சிறுமி. மறுநாள் அவர் சொன்னது, மனசு நொறுங்கிவிட்டது, ஆனால் அந்தப் பிள்ளைமேல் பழி போடாதீர்கள், அவளுக்கு ஆதரவாக இருங்கள் என்பதுதான். 2014-ல் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' விருது வந்தது. நிறவெறி பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேசினார்.

அதற்குப் பிறகு கேலரியில் கூச்சல் ஏறியது. பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் ஊளை. 2015 மே மாதம் கோல் அடித்துவிட்டுத் தன் மக்களின் போர் நடனத்தை ஆடினார். பூர்வகுடிச் சிறுவர்கள் அணி ஒன்றிடம் அவர் கற்றுக்கொண்ட நடனம் அது. ஈட்டி எறிகிற மாதிரி ஒரு அசைவு, கையில் ஈட்டி கிடையாது. "எங்களை மிரட்டுகிறார்" என்று நாடே இரண்டுபட்டது. ஜூலையில் பெர்த் மேட்சில் கூச்சல் உச்சத்துக்குப் போக, அடுத்த வாரம் அவர் ஆட வரவில்லை. அந்த வாரம் சிட்னியில் மூன்றாவது குவார்ட்டரின் ஏழாவது நிமிடத்தில் ஒட்டுமொத்த மைதானமும் எழுந்து நின்று கை தட்டியது. மூன்று, ஏழு. 37.

திரும்பி வந்து சீசனை முடித்துக் கொடுத்தார். செப்டம்பரில் ஓய்வு. கிராண்ட் ஃபைனல் நாளில் ஓய்வு பெறும் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வரும் வழக்கம் உண்டு. அவர் வரவில்லை. 2019-ல் லீக்கும் 18 கிளப்புகளும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. 2021-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

"கூச்சல் போடுவது ரசிகன் உரிமை, அவர் ஃப்ரீ கிக்குக்காக நடித்தார், அதனால்தான் கத்தினோம்" என்று அன்றைக்கு நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 1999-லிருந்து ஆடுகிற மனிதர், இரண்டு முறை 'நேர்மையானவர்' என்று பதக்கம் வாங்கியவர், தன்னைக் குரங்கு என்றதை எதிர்த்துப் பேசிய பிறகுதான் நடிப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா?

2021 சிட்னி டெஸ்டை நினைத்துப் பாருங்கள். பவுண்டரியில் நின்ற சிராஜ் ஆட்டத்தை நிறுத்தி அம்பயரிடம் போய்ச் சொன்னார். இந்திய வீரர்கள் இனவெறிப் பேச்சுக்கு ஆளானது உண்மை என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியா விசாரித்து ஒப்புக்கொண்டது. அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் சிராஜுக்காக ஸ்டேட்டஸ் வைத்தோம்! "ஓவரா சீன் போடறான்" என்று ஒருத்தராவது சொன்னோமா? கூட்ஸுக்கு அவர் சொந்த நாட்டிலேயே அந்தப் பதில்தான் கிடைத்தது. அதுவும் ஒரு நாள் அல்ல, மாதக்கணக்கில்.

கடைசியாக

ஸ்வான்ஸ் ரசிகர்களிலேயே இரண்டு தரப்பு உண்டு. "அந்த சர்ச்சையெல்லாம் வேண்டாம்பா, ஸ்கில்டன் என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை" என்று ஒரு தரப்பு. "அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டோம், பட்டத்தையாவது கொடுப்போம்" என்று இன்னொரு தரப்பு. இரண்டிலுமே எனக்கு உடன்பாடு இல்லை. முதலாவது, அடித்தவர்களுக்கு வசதியாக அடி வாங்கியவரை ஓரம் கட்டுகிறது. இரண்டாவது, அவர் உழைத்துச் சம்பாதித்ததை நஷ்ட ஈடாக மாற்றிவிடுகிறது.

372 மேட்சையும் இரண்டு கோப்பையையும் வைத்து அவர் ஜெயிக்கட்டும். கூச்சலைத் தனியாக எழுதி வையுங்கள். மறக்காமல் எழுதி வையுங்கள். அது அவர் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, கேலரியின் கணக்கு.

ஹால் ஆஃப் ஃபேமை அவர் வேண்டாம் என்றுவிட்ட பிறகு, ரசிகர்கள் போடுகிற இந்தச் சண்டைதான் அவர் பெயர் சரியான இடத்தில் நிற்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே இடம். பூர்வகுடி மாணவர்களின் படிப்புக்கு உதவ, கூட இருந்து ஆடிய மைக்கேல் ஓ'லாஃப்லினோடு சேர்ந்து 2009-லேயே அவர் ஒரு அறக்கட்டளை தொடங்கியிருந்தார். அந்த வேலை இப்போதும் நடக்கிறது. ஸ்கில்டன்தான் என்று நீங்கள் நினைத்தால் தாராளமாக வாதாடுங்கள், நல்ல வாதங்கள் எவை என்று மேலே நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "எதுக்குப்பா வம்பு" என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.