ஏரிக்கரை மைதானமும் மஃரிப் பாங்கும்



பொங்கல் விடுமுறையை ஒட்டி வந்த சனி, ஞாயிறு இரு நாள்களையும் லால்பேட்டையில் கழித்துவிட்டு வடலூர் திரும்பியிருக்கிறோம். லால்பேட்டை என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர். அங்கே நான் பெற்ற ஒரு பாடத்தை, வளரும் பிள்ளைகளை உடைய பெற்றோருடனும் ஜமாஅத் பெரியவர்களுடனும் பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு வயது பதினைந்து. பள்ளி விட்டதும் கால்பந்துடன் மைதானத்துக்கு ஓடிவிடுவான். மஃரிப் பாங்கு சொல்லி, ஜமாஅத் முடிந்து, மக்கள் கலைந்த பிறகே வியர்வையோடு வீடு வந்து சேருவான். நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன் நான். இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் மாலையில் அவனைக் கவனிக்க இயலாது. பலமுறை சொல்லியும் கேளாததால், சென்ற ஆகஸ்ட் மாதம் பந்தைப் பரணில் தூக்கிப் போட்டு, இனி மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று தடை விதித்தேன். தீனுக்காகச் செய்த நற்செயல் என்றே நம்பினேன்.

நவம்பர் மாதத்தில் ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி இரண்டரை. பிள்ளையின் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் குளிர்காலத்தில் நம் நேரப்படி பெரும்பாலும் பின்னிரவு 1.30க்குத் தொடங்குகின்றன. அவற்றை அவன் தன் தாயின் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். சில வாரங்களாக ஃபஜ்ருக்கு எழ மறுத்ததற்கும், படிப்புக் களைப்பு என்று சொன்னதற்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. மாலையில் மஃரிபைக் காக்க எண்ணி, அதிகாலையில் ஃபஜ்ரை இழந்திருந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு, என் பிள்ளை என்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

இந்தக் கவலையோடுதான் லால்பேட்டைக்குப் புறப்பட்டேன். சேத்தியாத்தோப்பைக் கடந்ததும் வீராணம் ஏரி கண்ணில் படுகிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் வருகிறது. சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கும் குடிநீராகச் செல்கிறது. பருவமழை முடிந்த தை மாதத்தில் கரை ததும்ப நிற்கும் அந்நீரைக் கண்டு சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாதவர் இருக்க முடியாது.

கரையில் நடந்துகொண்டே மச்சானிடம் என் மகனைப் பற்றிச் சொன்னேன். அவர் விவசாயி. சற்று நேரம் பேசாமல் வந்தவர், “கரை எவ்வளவு பலமாயிருந்தாலும் மதகு இல்லாத ஏரி நிலைக்காது மச்சான். நீங்கள் கரையை மட்டும் கட்டியிருக்கிறீர்கள்” என்றார். “சாயங்காலம் தம்பியையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள்” என்றும் சொன்னார்.

ஏரியை அடுத்த ஒரு மைதானத்தில் அண்டை ஊர்ப் பிள்ளைகளுக்கிடையே கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அஸ்ர் தொழுகைக்குப் பின் தொடங்கி, மஃரிபுக்குச் சற்று முன்பாக முடியுமாறு ஆட்ட நேரத்தைக் குறித்திருந்தார்கள். ஆடுவோர் யாவரும் முழங்காலை மறைக்கும் கால்சட்டை அணிந்திருந்தனர். ஓரத்தில் தண்ணீர்ப் பீப்பாய்களும் சுருட்டி வைத்த பாய்களும் இருந்தன. இறுதி விசில் ஒலித்துச் சில நிமிடங்களில் பாங்கு கேட்டது. வென்றவர்களும் தோற்றவர்களும் ஒன்றாக ஒளூச் செய்து ஸஃப்பில் நின்றார்கள். அதுவரை நடுவராக ஓடிக்கொண்டிருந்த அரபிக் கல்லூரி மாணவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு இமாமாக முன்னே சென்றார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் மகன் எனக்கு முன்பே ஒளூச் செய்து முதல் ஸஃப்பில் நின்றிருந்தான்.

அன்று இரவு எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டிகளுடன் விளையாடிக்கொண்டிருந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அதைத் தடுக்கச் சிறு கற்களை எடுத்து எறிந்தார்கள். நபி (ஸல்) அவர்களோ, விளையாடுவோரை விட்டுவிடுமாறு கூறினார்கள். அந்த விளையாட்டை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே சலிக்கும்வரை பார்க்க, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள். இவை புகாரியில் பதிவாகியுள்ளன. ஆப்பிரிக்க மண்ணிலிருந்து வந்த மக்களின் விளையாட்டுக்கு அல்லாஹ்வின் தூதர் தம் பள்ளிவாசலிலேயே இடமளித்திருக்க, நான் என் பிள்ளையின் விளையாட்டின் மீது கல்லெறிந்துவிட்டேன்.

விளையாட்டு எல்லை மீறாது என்று நான் சொல்லவில்லை. வணிகத்தையோ வேடிக்கையையோ கண்டதும், நின்ற நிலையில் நபியை விட்டு ஓடியவர்களை அல்லாஹ் ஸூரத்துல் ஜுமுஆவின் 11ஆம் வசனத்தில் கண்டிக்கிறான். அவ்வசனம் வேடிக்கையோடு வணிகத்தையும் சேர்த்தே கூறுகிறது என்பதைக் கவனியுங்கள். வணிகம் தொழுகையை மறக்கச் செய்யும் என்று அஞ்சி நாம் கடைகளை நிரந்தரமாக மூடிவிடுவதில்லை. பாங்கு சொன்னதும் கடையைச் சாத்தக் கற்றுக்கொண்டோம். அதே நீதியைப் பிள்ளைகளின் பந்துக்கும் வழங்க வேண்டாமா?

செனகல் நாட்டு வீரர் சாதியோ மானேயை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். பம்பாலி என்னும் சிற்றூர்ப் பள்ளிவாசல் இமாமின் மகன் அவர். அவருடைய குடும்பத்தார் கால்பந்தை விரும்பவில்லை. பதினைந்து வயதளவில் அவர் வீட்டாருக்குத் தெரியாமல் தலைநகர் டக்காருக்குச் சென்றுவிட்டார். பின்னாளில் அதே ஊருக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்தார். அல்லாஹ் அவரைக் காத்தான். ஆயினும் வீட்டாருக்குத் தெரியாமல் வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும் அப்படித் திரும்பி வருவான் என்று எந்தத் தகப்பனும் உறுதி கூற முடியாது.

2021 ஏப்ரலில், ரமழான் மாதத்தில், லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் அணிகள் இங்கிலாந்தில் மோதின. வெஸ்லி ஃபோஃபானா, செய்கு குயாத்தே ஆகிய இரு நோன்பாளிகள் நோன்பு திறப்பதற்காக ஆட்டம் சில கணங்கள் நிறுத்தப்பட்டது. அணித்தலைவர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தார்கள். முஸ்லிம் அல்லாதோர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், கோடிக்கணக்கான பணம் புரளும் போட்டியில் அது இயலுமானால், நம் தெரு மைதானத்தில் ஏன் இயலாது?

எனவே என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, மஹல்லாக்களில் போட்டி நடத்தும் இளைஞர்கள் தொழுகை நேரங்களை முன்வைத்தே ஆட்ட நேரத்தைக் குறிக்க வேண்டும். இரண்டாவது, ஜமாஅத் நிர்வாகிகளும் இமாம்களும் பரிசளிக்கும் மேடைக்கு மட்டும் வராமல் வாரம் ஒரு மாலையாவது மைதானத்துக்கு வர வேண்டும். பெரியவர்கள் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் பாங்கைக் கேட்காதவர்போல் இருப்பதில்லை. மூன்றாவது, பெற்றோராகிய நாம் மாலை விளையாட்டைத் தடுக்குமுன், அந்த நேரத்தைப் பிள்ளை வேறு எதில் கழிப்பான் என்று யோசிக்க வேண்டும். மாலையில் ஓடிக் களைத்த பிள்ளை இஷா தொழுது உறங்கிவிடுவான். ஓடாத கால்கள் நள்ளிரவில் திரையைத் தேடும்.

ஞாயிறு இரவு வடலூர் திரும்பியதும் பரணிலிருந்து பந்தை இறக்கினேன். காற்று இறங்கித் தூசி படிந்து கிடந்தது. “அத்தா தெரியாமல் கோபப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்” என்று மகனிடம் சொன்னேன். இரவில் கைப்பேசி எங்கள் அறையில் இருக்கும், மாலையில் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பாகப் பந்து நிற்கும் என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் ஷிப்ட் வாரங்களில் நானும் மைதானத்துக்குச் செல்கிறேன். இந்த மூன்று வாரங்களில் இரு முறை அவன் ஒப்பந்தத்தை மீறினான். இரு முறையும் அவனே வந்து சொன்னான். அல்ஹம்துலில்லாஹ், அது எனக்குப் போதும்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், தொழுகையை நிலைநாட்டுவோராகவும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.