இட்லித் தட்டில் ஒரு விளையாட்டு



பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில், தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் சண்டை நடப்பது நாயை வைத்துத்தான். பகல் முழுக்கக் குரைக்கிறது என்பார் ஒருவர். லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பார் இன்னொருவர். லிஃப்ட் விஷயம் எப்போதோ முடிந்துவிட்டது. நாய் வளர்க்கத் தடை போடவோ, லிஃப்டை மறுக்கவோ குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே சொல்லிவிட்டது. குரைப்பு விஷயத்தில் மட்டும் புகார் சொல்பவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அந்த நாய் ஏன் குரைக்கிறது என்று அந்தக் குழுவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதன் ஒரு நாளைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் ஒரு பையன் வருகிறான். ஒரு கையில் மூன்று கயிறு, மறு கையில் செல்போன். பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறான். கிண்ணத்தில் கொட்டிய சாப்பாடு இரண்டு நிமிடத்தில் காலி. வீட்டுக்காரர்கள் ஒயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை பூட்டிய கதவும் நான்கு சுவரும்தான். சோபா கிழிவது, செருப்பு காணாமல் போவது, லிஃப்ட் சத்தம் கேட்டாலே கத்துவது எல்லாம் இங்கேதான் ஆரம்பம். நாம் சேட்டை என்கிறோம். முக்கால்வாசி அது வேலையில்லாத் திண்டாட்டம்.

இந்தத் திண்டாட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்ட இடம் ஒன்று நம் ஊர் ஓரத்திலேயே இருக்கிறது. கர்நாடக வனத்துறையோடு சேர்ந்து வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு நடத்தும் பன்னேருகட்டா கரடி மறுவாழ்வு மையம். மூக்கில் கயிறு கோத்து ஊர் ஊராக ஆட்டுவிக்கப்பட்ட கரடிகள் அங்கே வாழ்கின்றன. கடைசி ஆட்டக் கரடி என்று அறியப்பட்ட ராஜூ 2009 டிசம்பரில் வந்து சேர்ந்ததும் அங்கேதான். கயிறு போனாலும் பழக்கம் சட்டென்று போவதில்லை. இப்படி மீண்டுவந்த கரடிகள் நின்ற இடத்திலேயே உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். மருந்தால் மட்டும் தீரும் கோளாறு இல்லை அது. ஆகவே சாப்பாட்டையே வேலையாக்கிக் கொடுக்கிறார்கள். மரக்கட்டைப் பொந்துக்குள் தேன் தடவி வைப்பது, உருட்டினால்தான் உணவு உதிரும் பந்து, ஏறிப் படுக்கத் தொட்டில். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் கிப்பன் குரங்குகளுக்கு நெம்புகோல் வைத்து, அதை இழுத்தால்தான் சாப்பாடு என்று செய்து பார்த்ததிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய யோசனை இது. கரடிக்கு உதவியது மூன்றாவது மாடி லாப்ரடாருக்கு உதவாதா?

‘தினமும் பந்து போடுகிறோமே, அது போதாதா?’ என்று கேட்பீர்கள். பந்து நல்லதுதான். ஆனால் அரை மணி நேரம் விடாமல் பந்து எறிவதை நாம் ரொம்பத்தான் மெச்சுகிறோம் என்று நினைக்கிறேன். நம் தெரு நாய்களைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். பெங்களூரைச் சேர்ந்த நாய் நடத்தை ஆலோசகர் சிந்தூர் பங்கல், தெரு நாய்கள் நாளை எப்படிக் கழிக்கின்றன என்று ஆட்களை வைத்துப் பதிவு செய்து பார்த்தார். பெரும்பாலான நேரம் அவை ஓய்வாகத்தான் இருக்கின்றன. மற்ற நேரத்தில் மெதுவாக நடந்து, நின்று, மோந்து, டீக்கடைக்கு வந்துபோகிறவர்களை வேடிக்கை பார்க்கின்றன. வியர்க்க விறுவிறுக்க ஓடுவது குறைவு, மூக்கால் படிப்பது அதிகம்.

அந்த மூக்குதான் விஷயம். ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20 வீட்டு நாய்கள், இரண்டு வாரம். பாதி நாய்கள் ஒளித்து வைத்த தின்பண்டத்தை மோந்து கண்டுபிடித்தன. மீதி நாய்கள் எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகின. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு கிண்ணத்தை, சாப்பாடு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க முடியாத இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். மோப்பம் பிடித்துப் பழகிய நாய்கள் முன்பைவிட வேகமாகக் கிண்ணத்தை நோக்கிப் போயின. ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ‘இருக்கும், போய்ப் பார்ப்போம்’ என்ற நம்பிக்கை, தேடுகிற நாய்க்கு வருகிறது.

இனி சமையலறைக்கு வாருங்கள். கடையில் புதிர்ப் பொம்மைகள் விற்கிறார்கள், விலையும் கொஞ்சம் கூடத்தான். நம் வீட்டிலோ பழைய இட்லித் தட்டு பரணில் கிடக்கும். ஒவ்வொரு குழியிலும் வேகவைத்த கோழித் துண்டோ கேரட்டோ ஒன்று. அதன் மேல் ஒரு டென்னிஸ் பந்து. பந்து குழியில் கச்சிதமாக உட்காரும். எங்கள் வீட்டு செம்பி, அல்சூர் தெருவில் பிறந்தவள், முதல் நாள் தட்டின் ஓரத்தைக் காலால் மிதித்து மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டாள். அதுவும் ஒரு விடைதானே! பிறகு தட்டின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். பந்தை நக்கினாள், குரைத்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் மூக்கின் நுனியைப் பந்துக்கும் குழி விளிம்புக்கும் நடுவே கொடுத்து ஒரு நெம்பு. பந்து உருண்டதும் துண்டைக்கூட எடுக்காமல் அடுத்த பந்துக்குப் போனாளே, அந்த அவசரத்தைப் பார்க்க வேண்டும். வெறும் குழிகளையும் கலந்து வைத்தால் ஆட்டம் இன்னும் சுவாரஸ்யமாகிவிடும். முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் பாயில் நீட்டிப் படுத்தால், ஒரு மைல் ஓடி வந்த நாய் மாதிரி தூக்கம்.

மற்றவையும் இவ்வளவு சுலபம்தான். பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். முட்டை அட்டையில் போட்டு மேலே கசக்கிய செய்தித்தாளைத் திணிக்கலாம். பார்சல் வந்த அட்டைப்பெட்டியை டேப், பின் எல்லாம் பிய்த்துவிட்டுப் புதையல் பெட்டி ஆக்கலாம். வீட்டில் தாத்தா இருந்தால் மூன்று டம்ளர் கவிழ்த்து ‘எதில் இருக்கு சொல்லு’ ஆட்டம் அவருக்கும் பொழுதுபோகும். குழந்தைகள் இருந்தால் கண்ணாமூச்சி. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு தரம் பெயரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்ட மாலையில் இவைதான் கைகொடுக்கும். வயதாகி மூட்டு வலிக்கும் நாய்க்கும் கண் தெரியாத நாய்க்கும்கூட இவை ஒத்துவரும்.

நடைக்குப் போகும்போது வாரத்தில் சில நாளாவது கயிற்றின் மறுமுனையிடம் பொறுப்பை விடுங்கள். கப்பன் பூங்காவின் மரத்தடியில் அது ஒரு புல்லை ஐந்து நிமிடம் மோந்தால், அந்த ஐந்து நிமிடமும் நின்றுகொண்டிருங்கள். தூரம் குறையும், பரவாயில்லை. நடத்திச் செல்லும் பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். கூடவே செல்போனைப் பையில் போடச் சொல்லுங்கள்.

ஒரு துணுக்கு. நம் ஊர் நாய்களின் காதில் வீட்டில் தமிழ், காவலாளியிடம் கன்னடம், நடத்திச் செல்பவரிடம் இந்தி, கட்டளைக்கு மட்டும் ஆங்கிலம் என்று நான்கு மொழிகள் விழுகின்றன. ஹங்கேரியில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான மூளைப் படப் பதிவு ஆய்வு ஒன்றில், பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை பிரித்து அறிவது தெரிந்தது. மெக்சிகோவிலிருந்து தன் நாயோடு அங்கே குடிபெயர்ந்த லாரா குவாயா என்ற ஆய்வாளருக்கு வந்த சந்தேகம்தான் அதற்குத் தொடக்கம். பெங்களூரில் இருந்திருந்தால் அவருக்கு வேலை இன்னும் அதிகமாகியிருக்கும்.

எச்சரிக்கைகளை மட்டும் கொஞ்சம் கண்டிப்போடு சொல்கிறேன். விளையாட்டில் போடும் தீனியை அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுங்கள், இல்லையென்றால் நாய் ஊதிவிடும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை வேண்டாம். பாயசத்தில் இருந்து பொறுக்கிப் போடும் உலர்திராட்சையும் விஷம்தான். சர்க்கரையில்லாத சூயிங்கத்திலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் சேர்க்கும் சைலிட்டால் அதைவிட மோசம். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். துணியையும் அட்டையையும் விழுங்கும் நாய் என்றால் பக்கத்திலேயே இருங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறை. இன்னொன்று, எல்லா நாயும் இதற்கு ஆசைப்படாது. தட்டில் சும்மா கிடைப்பது போதும் என்று இருக்கும் நாய்களும் உண்டு. உங்கள் நாய் இரண்டு முறை முயன்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் பந்தை எடுத்துவிட்டு வெறும் தட்டோடு தொடங்குங்கள். பசித்த நாயைப் புதிர் போட்டு வதைப்பது விளையாட்டு ஆகாது.

கிரிஸ்டல் ரோஜர்ஸ் அம்மையார் 1991இல் நம் ஊரில் தொடங்கிய ‘கூபா’ விலங்கு நல அமைப்பின் தத்து மையத்துக்கு, வளர்க்க முடியவில்லை என்று கைவிடப்பட்ட ஜாதி நாய்களும் வந்து சேர்கின்றன. நாய் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் நீங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு ஏதாவது இருந்தால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். நாயின் பெயர், வயது, ஊர் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். பூனை வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்