நாக்கைத் திருத்த வருகிறவர்கள்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியில் நேர்காணல். தொல்காப்பியத்தைப் பற்றிக் கேட்டார்கள். பதிலின் நடுவே, "இளம்பூரணர் இப்படிச் சொல்லுதாவ" என்று வந்துவிட்டது. எங்கள் நெல்லைப் பக்கம் அது மரியாதைச் சொல். குழுவில் ஒருவர் சிரித்தார். "பாடம் தெரிகிறது, ஊர் வாடைதான் போகவில்லை." வேலை கிடைக்கவில்லை. ஊர் திரும்பும்வரை பேருந்தில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

சிரித்தவர் தமிழ் படித்தவர். திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல்லாக ஏற்றது தொல்காப்பியம் என்று அவருக்குத் தெரியும். உரையாசிரியர்கள்தாம் வையைக்கும் மருதயாற்றுக்கும் நடுவே செந்தமிழ் நிலத்தை அளந்துவைத்து, வெளியே உள்ளதைக் கொடுந்தமிழ் என்றார்கள். கொடுமை என்றால் அங்கே வளைவு. வளைந்தது என்றதை இழிந்தது என்று கேட்கப் பழகிவிட்டோம். நான் வையைக்குத் தெற்கே பிறந்தவள்.

கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 1992இல் பாமா தன் தெருப் பேச்சிலேயே 'கருக்கு' எழுதியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆண் பேசினால் மண்வாசனை. பெண் பேசினால், அதிலும் தலித் பெண் பேசினால், நாகரிகம் தெரியாதவள்.

கல்யாணத்தைப் பாருங்கள். நெல்லையிலிருந்து கோவைக்கு மருமகளாய்ப் போனவள் ஒரே மாதத்தில் "ஏனுங்க" பழக வேண்டும். பிறந்த வீட்டுப் பேச்சு வாயில் வந்தால் "உங்க ஊர்ல இப்படித்தானா?" என்பார்கள். கோவை மாப்பிள்ளை நெல்லைக்கு வந்தால் யாரும் அவர் நாக்கைத் திருத்துவதில்லை. 'எவ்வளவு மரியாதையான பேச்சு' என்று வியக்கிறோம். வீட்டோடு சேர்த்து நாக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டியவள் பெண் மட்டும்தான்.

இப்போது நான் சென்னையில் பாடம் நடத்துகிறேன். தென்காசிப் பக்கத்து மாணவி ஒருத்தி சந்தேகங்களைத் துண்டுச்சீட்டில் எழ்தி நீட்டுவாள். ஏன் என்று கேட்டேன். "பேசுனா சிரிக்காவம்மா" என்றாள். இருபது வருடம் கழித்தும் அதே சிரிப்பு.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கற்பிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் பொதுத்தமிழ் என்று நம்மிடம் நீட்டப்படும் பேச்சுக்கும் ஊர் உண்டு, சாதி உண்டு, வர்க்கம் உண்டு. அதைக் கற்றுத் தேறும்வரை ஒரு பெண் எதற்கு வாய்மூடி இருக்க வேண்டும்?

வகுப்பில் நான் இப்போது "சொல்லுதாவ" என்றே சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தோழிகளே, நீங்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுந்து நின்று கேளுங்கள்.